ஆக்கர் கடைக்குப் போகும் ஆல்பங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடித்தார்கள். கதவு, ஜன்னல், உத்திரம் எல்லாம் விலை பேசி எடுத்தாயிற்று. கடைசியாக ஆக்கர் (பழைய சாமான்) வண்டியில் ஏறியது ஒரு மூட்டைக் காகிதம், அதற்குள் இரண்டு போட்டோ ஆல்பங்கள். கேட்டேன், வண்டிக்காரர் காசு வாங்காமலே கொடுத்துவிட்டார். நாற்பது படம் இருக்கும். ஒரே ஒரு படத்தின் பின்னால் பென்சிலில் ‘1958, நாங்கள் ஐந்து பேர்’ என்று இருக்கிறது. பள்ளிக்கூடப் படிக்கட்டில் ஐந்து பெண்கள், நடுவில் நிற்பவர் கையில் குடை. எந்தப் பள்ளி, யார் அந்த ஐந்து பேர் என்று சொல்ல அந்த வீட்டில் இப்போது ஆள் இல்லை.

சில மாதங்களாக நான் இணையத்தில் அன்னமாரி ஷ்வார்சன்பாஹ் எடுத்த படங்களைப் பார்த்து வருகிறேன். சுவிட்சர்லாந்துக்காரர், 1908இல் பிறந்தவர். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் தன் நாட்டுப் பத்திரிகைகளுக்காக ஊர் ஊராகப் போய் எழுதியவர். எழுதியதோடு நிற்காமல் கேமராவையும் கையில் வைத்திருந்தார். பாரசீகம் போனார், அமெரிக்காவில் பெரும் பொருளாதாரச் சரிவுக் காலத்தில் நிலக்கரி ஊர்களையும் தெற்கே பருத்தி விளையும் மாநிலங்களையும் சுற்றினார், 1939இல் எலா மயார் என்ற இன்னொரு பயணக்காரப் பெண்ணோடு ஒரு ஃபோர்டு காரில் ஜெனீவாவிலிருந்து துருக்கி, ஈரான் வழியாகக் காபூல் வரைக்கும் போனார். போர் மூண்டது. ஷ்வார்சன்பாஹ் ஐரோப்பா திரும்பிவிட்டார். எலா மயார் இந்தியாவுக்கு வந்து, போர் ஆண்டுகளில் நெடுநாள் நம் திருவண்ணாமலையில் ரமணர் அருகிலேயே இருந்தார் என்று படித்தபோது எனக்கு அவர்கள் இருவரும் தெரிந்தவர்கள் போல ஆகிவிட்டார்கள்.

ஷ்வார்சன்பாஹ் 1942இல் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, 34 வயதில் இறந்துபோனார். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் வீட்டார் அழித்துவிட்டார்கள். தோழி ஒருவர் பாதுகாத்து வைத்திருந்த எழுத்துகளும் படங்களும்தான் பிற்பாடு பெர்ன் நகரத்தில் இருக்கும் சுவிஸ் இலக்கிய ஆவணக்காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. இன்று சுமார் 3,000 படங்களை, நாடு, ஊர், என்ன காட்சி என்ற குறிப்போடு, தக்கலையில் உட்கார்ந்துகொண்டு நான் காசில்லாமல் பார்க்கிறேன். எலா மயாரின் படங்கள் லோசானில் ஒரு புகைப்பட அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, கையெழுத்துப் பிரதிகள் ஜெனீவா நூலகத்தில்.

அழித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நாங்களும் அதையேதான் செய்தோம். என் அம்மையின் அண்ணன் மார்த்தாண்டம் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தார். மாமா இறந்த பிறகு அவர் அறையில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகக் கண்ணாடி நெகட்டிவ்கள். யாருக்கு வேண்டும் இது என்று பெரியவர்கள் பேசி முடித்து, பிள்ளைகள் நாங்கள் அவற்றை வெந்நீரில் ஊறப்போட்டுத் தேய்த்தோம். படம் தோல் மாதிரி உரிந்து வந்தது. நல்ல கண்ணாடி கிடைத்தது, சாமி படங்களுக்குச் சட்டம் போட்டோம். எத்தனை கல்யாணம், எத்தனை முகங்கள் அந்த வாளித் தண்ணீரில் போயின என்று இப்போது நினைத்தால் தூக்கம் வருவதில்லை. தமிழ்நாட்டோடு சேரக் கேட்டு நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்த காலத்து மார்த்தாண்டம் கடைத்தெரு அவற்றில் இருந்திருக்குமோ என்னவோ, இனி யார் சொல்வது?

திருவிதாங்கூரோடு இருந்த நம் குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய அரசாங்கக் காகிதத்தைத் தேடினால் திருவனந்தபுரத்துக்குப் போகவேண்டும், லண்டன் மிஷன் பாதிரிமார்கள் நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் இருந்து எழுதியவற்றைத் தேடினால் லண்டனுக்குப் போகவேண்டும். சரி, அவை பத்திரமாகவாவது இருக்கின்றன. ஆனால் வீடுகளில் கிடப்பவை? 2004 சுனாமியில் கொளச்சலிலும் மணக்குடியிலும் எத்தனையோ வீடுகளில் இறந்தவர்களின் படம்கூட மிஞ்சவில்லை. மற்ற இடங்களில் இரண்டு பருவமழையும் கடல்காற்றும் சேர்ந்து பூஞ்சணம் பிடிக்க வைக்கின்றன, கரையானும் ராமபாணப் பூச்சியும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. பழைய பிலிம் சுருளைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே பிரதி எடுக்க வேண்டும். படங்களை லேமினேட் செய்யாதீர்கள், செலோ டேப் ஒட்டாதீர்கள், பின்னால் எழுத பால்பாயிண்ட் வேண்டாம், மெல்லிய பென்சில் போதும்.

வழி தெரியாத காரியம் இல்லை இது. சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் ஒரு தனி மனிதர் சேர்த்து வைத்ததிலிருந்து வளர்ந்ததுதான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களையும் குடும்பங்களையும் தேடிப்போய்ப் படங்களை டிஜிட்டலில் பதிவு செய்தது, பிரிட்டிஷ் நூலகம் அதற்கு உதவியது. நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், வாரத்தில் ஒரு நாள் உட்கார ஒரு ஆள் கிடைத்தால் நாம் தொடங்கிவிடலாம். படத்தை யாரும் கொடுத்துவிட்டு வரவேண்டியதில்லை, பிரதி எடுத்ததும் கையோடு கொண்டுபோகலாம். முக்கியமாக, கூட வரும் பாட்டியையோ தாத்தாவையோ பேசவிட்டு, யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். எண்பது தொண்ணூறு வயதுக்காரர்கள் இருக்கும்போதே செய்தால்தான் உண்டு, ஸ்கேனர் அடுத்த வருஷமும் கிடைக்கும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். குமரி மாவட்டப் பக்கத்தில் வாரம் ஒரு பழைய படம் போடுங்கள், கீழே ‘இவர்களைத் தெரியுமா?’ என்று மட்டும் கேளுங்கள். இந்தக் கடிதத்தோடு அந்தக் குடைக்காரப் பெண் இருக்கும் படத்தின் பிரதியை வைத்திருக்கிறேன், முதல் படமாக அதையே போடலாம். 1958இல் அவர்களுக்கு இருபது வயது என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து பேரில் ஒருவராவது இன்னும் எங்காவது காலையில் உங்கள் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டிருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
தக்கலை.