டிஃபரன்ஷியலுக்கு வெல்டிங் தீர்வாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை வாகனப் பக்கத்தில், பின்சக்கரங்களால் இயங்கும் தம் பழைய கார் மழைக்காலத்தில் ஒரு சக்கரம் மட்டும் சுழன்று நகராமல் நின்றுவிடுகிறது என்றும், செலவு குறைந்த வழி உண்டா என்றும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எஞ்சின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கர அமைப்பான டிஃபரன்ஷியலைத் திறந்து, அதன் உள்ளே இருக்கும் ஸ்டார் பினியன் என்னும் சிறு பல்சக்கரங்களை வெல்டிங் வைத்து இறுக்கிவிட்டால் இரண்டு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் என்று அதற்குப் பதில் தரப்பட்டிருந்தது. பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பல்சக்கரம் வெட்டும் எந்திரங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 1990களில் வாங்கிய கான்டெசா கார் ஒன்றை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பதில் சாலையில் ஓடும் எந்தக் காருக்கும் பொருந்தாது என்பதைத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன். வாசகர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு ஆபத்தில்லாத விடைகள் இருக்கின்றன.

மாட்டு வண்டியில் இரு சக்கரங்களும் அச்சின் மேல் தனித்தனியே சுழல்வதால், திருப்பத்தில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. எஞ்சினே அச்சைச் சுழற்றும் வண்டியில் அந்தச் சுதந்திரம் போய்விடாமல் காப்பதுதான் டிஃபரன்ஷியலின் வேலை. இதற்காக அது தரும் விலை ஒன்று உண்டு. சாதாரண டிஃபரன்ஷியல் எப்போதும் இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். சேற்றில் இருக்கும் சக்கரம் 10 பங்கு விசையைத்தான் தாங்கும் என்றால், கெட்டித் தரையில் நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் அதே 10 பங்குதான் போய்ச் சேரும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சேற்றுச் சக்கரம் வேகமாகச் சுழலுமே தவிர, வண்டி நகராது. டிராக்டர் ஓட்டும் நம் விவசாயிகளுக்கு இது புதிய செய்தியன்று. அதற்காகத்தான் டிராக்டரில் தேவைப்படும்போது மட்டும் மிதித்துப் பூட்டும் டிஃபரன்ஷியல் லாக் வைத்திருக்கிறார்கள். தேவை தீர்ந்ததும் அந்தப் பூட்டு விலகிவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். வெல்டிங் வைத்த பூட்டு விலகாது.

விலகாத பூட்டு என்ன செய்யும் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். பின்சக்கரங்களுக்கு இடையே ஏறக்குறைய 1.4 மீட்டர் அகலமுள்ள கார் ஒன்று முழு யூ திருப்பம் எடுத்தால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடச் சுமார் 4.4 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். திருப்பம் பெரியதா, சிறியதா என்பது இங்கே பொருட்டில்லை. வட்டம் எவ்வளவு அகலமானாலும் வித்தியாசம் அதேதான். டிஃபரன்ஷியல் பூட்டிக் கிடந்தால் இந்த 4.4 மீட்டரையும் டயர்கள் தரையில் இழுபட்டுத்தான் ஈடுகட்ட வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவுக்கு 4.4 மீட்டர் என்று வைத்தால், ஏறி இறங்குவதற்குள் டயர்கள் 170 மீட்டருக்கு மேல் தேய்க்கப்படுகின்றன. டயர் தேய்வதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அந்த இழுபறி முழுவதையும், டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் ஆக்சில் ஷாஃப்ட் முறுக்காக வாங்கிக்கொள்கிறது. திருப்பத்துக்குத் திருப்பம் முறுகி முறுகி, ஒரு நாள் விரிசல் விட்டு முறிகிறது. பல பழைய கார்களில் சக்கரத்தைச் சுமப்பதும் அந்த ஷாஃப்டேதான். அது முறிந்தால் சக்கரம் டிரம்மோடு கழன்று வெளியே வரக்கூடும், அதோடு அந்தப் பக்கத்துப் பிரேக்கும் போய்விடும். ஈரச் சாலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே போகப் பார்ப்பதும், பிறகு பின்பக்கம் முழுவதும் ஒன்றாக வழுக்குவதும் வேறு. பந்தயத் தளத்தில், பழகிய ஓட்டுநர் கையில் அது செல்லுபடியாகலாம். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் போகிறவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கக் கூடாது.

இந்தச் சிக்கலுக்குப் பொறியாளர்கள் கண்ட விடைதான் எல்எஸ்டி எனப்படும் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல். 1930களில் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களின் பின்சக்கரங்கள் வீணாகச் சுழன்றதால் ஜெர்மனியில் இது உருவாக்கப்பட்டது. இன்று புழக்கத்தில் உள்ளவற்றில் இரண்டு வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது பிளேட் வகை. இதில் ஆக்சில் ஷாஃப்டுகள் வந்து சேரும் பல்சக்கரமான சன் கியருக்குப் பின்னால் கிளட்ச் பிளேட்டுகள் அடுக்கப்பட்டு, ஸ்பிரிங் அவற்றை எப்போதும் சற்று அழுத்திக்கொண்டிருக்கும். இழுவை கூடக் கூட அழுத்தமும் கூடும். பிளேட்டுகள் தேயும், ஆனால் கழற்றி மாற்றலாம். இரண்டாவது ஹெலிகல் வகை. இவ்வகையில் புகழ்பெற்ற டார்சன் அமைப்பை அமெரிக்கரான வெர்னன் கிளீஸ்மன் 1958இல் உருவாக்கினார். இதில் பிளேட் இல்லை. சாய்பல் சக்கரங்களின் உரசலே வேலையைச் செய்வதால் பல்லாண்டுகள் உழைக்கும், சாதாரண ஹைபாய்டு கியர் ஆயிலே போதும். ஹெலிகல் வகையில் பலவும் பிடிப்பு குறைந்த சக்கரம் தாங்குவதைப் போல இரண்டரை, மூன்று மடங்கு விசையை மற்றச் சக்கரத்துக்கு அனுப்பும். சேற்றுச் சக்கரம் 10 தாங்கினால் மற்றச் சக்கரத்துக்கு 25 அல்லது 30 போகும். ஆனால் ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கி, அது தாங்கும் விசை சுழியமாகிவிட்டால், மூன்றால் பெருக்கினாலும் சுழியம்தான். அந்த நேரத்தில் ஹேண்ட்பிரேக்கைச் சற்றே இழுத்துப் பிடித்தால் பெருக்குவதற்கு ஓர் அளவு கிடைத்து வண்டி நகரும். இதே உத்தியைச் சாதாரண டிஃபரன்ஷியலிலும் செய்யலாம் என்று பலர் சொல்கிறார்கள். அங்கே ஹேண்ட்பிரேக் இரு சக்கரங்களையும் சமமாகப் பிடிப்பதால், ஒருபுறம் கிடைத்ததை மறுபுறம் தின்றுவிடும், பயனில்லை.

வெளிநாடுகளில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்குச் செலவு குறைந்த வழி பெரும்பாலும் அதே கம்பெனியின் வேறொரு மாடல்தான். 1994க்குப் பிந்தைய 1.8 லிட்டர் மாஸ்டா எம்எக்ஸ்-5 கார்களில் பலவற்றில் டார்சன் வந்ததால், முந்தைய 1.6 லிட்டர் கார் வைத்திருப்பவர்கள் அந்த அமைப்பை ஆக்சில் ஷாஃப்டுகளோடு பழைய பொருளாக வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். அம்பாசிடர், பத்மினி, கான்டெசா வைத்திருக்கும் நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. பெங்களூருவின் ஜேசி ரோடு கடைகளிலும் சிவாஜிநகர் பழைய உதிரிபாகக் கடைகளிலும் நான் பல மாதங்கள் தேடினேன். கான்டெசாவுக்கென்றே செய்த எல்எஸ்டி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மகிந்திரா தார், பொலேரோ நியோ வண்டிகளின் சில மாடல்களில் வரும் தானே பூட்டிக்கொள்ளும் அமைப்பையும் யோசித்துப் பார்த்தேன். அது வேறு அகலம், வேறு எடை, வேறு சக்கர போல்ட் அமைப்பு கொண்ட ஆக்சிலுக்கானது என்பதால் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். ஜீப்புகளுக்குக் கிடைக்கும், இரு சக்கரங்களையும் தானே பூட்டும் லாக்கர் செட்டுகள், டிஃபரன்ஷியல் பல்சக்கரங்களைத் தாங்கும் கூடான பழைய ஹவுசிங்குக்குள்ளேயே சன் கியர், ஸ்டார் பினியன்களுக்குப் பதிலாக உட்காருபவை. கிரவுன் செட்டிங்கை, அதாவது ஹவுசிங்கைச் சுழற்றும் பெரிய கிரவுன் வீலும் அதை ஓட்டும் பினியனும் பொருந்தும் அளவை, தொட வேண்டியதில்லை என்பதால் கூலி குறைவு. காட்டுப் பாதைக்கு அவை நல்லவைதான். ஆனால் திருப்பத்தில் திடீரென்று பூட்டியும் விலகியும் வண்டியை ஆட்டும் என்பதால், நகரத்தில் ஓடும் காருக்கு நான் சொல்ல மாட்டேன்.

இனி என் வண்டிக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். ஏற்காட்டில் என் மைத்துனருக்குச் சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. தார்ச்சாலையிலிருந்து வீட்டுக்குப் போகும் செம்மண் ஏற்றத்தில் ஒவ்வொரு மழைக்கும் எங்கள் கார் நின்றுவிடும்; பின்னால் நால்வர் தள்ளினால்தான் ஏறும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் டிஃபரன்ஷியலைக் கழற்றிப் பார்த்தபோது, ஸ்டார் பினியன்களுக்கும் சன் கியர்களுக்கும் பின்னால் இருக்கும் த்ரஸ்ட் வாஷர்கள் காகிதமாகத் தேய்ந்திருந்தன. ஹவுசிங்குக்குள் இருந்த சிறிது உரசலும் இதனால் போயிருந்தது. புது வாஷர்கள் போட்டதோடு, பின்பக்கத்துக்கு நல்ல பட்டன் அமைப்புள்ள டயர்களையும் மாற்றினேன். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. கேள்வி கேட்ட வாசகர் வேறெதற்கும் பணம் செலவழிக்கும் முன் இந்த இரண்டையும் செய்து பார்க்கட்டும் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

மீதிப் பாதிக்கு, பழைய நண்பர் ஒருவரின் பட்டறையில் லேத்தில் இரண்டு எஃகுத் தட்டுகள் கடைந்து, அவற்றுக்கிடையே நான்கு ஸ்பிரிங்குகள் வைத்து, இரு சன் கியர்களுக்கும் நடுவே பொருத்தினேன். அவை சன் கியர்களை எப்போதும் ஹவுசிங் சுவரோடு அழுத்துவதால், ஒரு சக்கரம் தனியே சுழலத் தொடங்கும்போது ஓரளவு தடை ஏற்படுகிறது. இதை முழுமையான எல்எஸ்டி என்று நான் சொல்லவில்லை. இழுவைக்கேற்ப இதன் பிடி அதிகரிக்காது; ஸ்பிரிங் தரும் அளவு எதுவோ அதுவேதான். தட்டுகள் தேய்ந்து ஆயிலில் எஃகுத் தூள் கலக்கும் என்பதால் முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலை வடித்து மாற்றினேன். இப்போது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். கிரவுன், பினியன் இரண்டையும் அசைக்காமலே இதைச் செய்ய முடிந்ததும், பிடிக்காவிட்டால் ஒரே நாளில் கழற்றிவிடலாம் என்பதும்தான் இதன் பெரிய நன்மைகள். கடந்த இரண்டு மழைக்காலங்களிலும் அந்தச் செம்மண் ஏற்றத்தில் யாரும் வண்டியைத் தள்ளவில்லை. முதல் முறை காரில் உட்கார்ந்தபடியே மேலே போய்ச் சேர்ந்தபோது என் மனைவி கேட் திறக்க இறங்காமல் ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இன்னும் வலுவான தீர்வு வேண்டுவோர், ஜப்பானியக் கார்களிலிருந்து கழற்றிய பிளேட் வகை எல்எஸ்டியைத் தேடலாம். அவர்கள் கடையில் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை சன் கியரின் உள்ளே உள்ள ஸ்ப்ளைன் (ஷாஃப்டைப் பிடிக்கும் நீளவாட்டுப் பற்கள்) எண்ணிக்கை, கிரவுன் வீல் பொருந்தும் போல்ட் வட்டம், பேரிங் உட்காரும் விட்டம் ஆகிய மூன்றும். ஸ்ப்ளைன் ஒத்துவராவிட்டால் புது ஆக்சில் ஷாஃப்ட் செய்ய வேண்டிவரும். பெங்களூருவில் இஎன்24 என்னும் உறுதியான கலப்பு எஃகில் ஷாஃப்ட் கடைந்து, ஸ்ப்ளைன் வெட்டி, முறையாக ஹீட் ட்ரீட்மென்ட் செய்து தரும் திறமைசாலிகள் இருக்கிறார்கள். ஆனால் அங்கேயே ‘செலவு குறைந்த’ என்ற சொல் விடைபெற்றுவிடும். பிளேட் தேய்ந்ததா என்று அறிய, வண்டியில் இருக்கும்போதே நியூட்ரலில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, மற்றதைத் தரையில் வைத்து, தூக்கிய சக்கரத்தை டார்க் ரெஞ்ச் கொண்டு திருப்ப வேண்டும். தடையே இல்லாமல் சுழன்றால் உள்ளே பிளேட் தீர்ந்துவிட்டது. இந்த வகைக்கு உரிய சேர்மானம் கலந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் நிதானமான திருப்பங்களில் பின்பக்கம் கடகடவென்று அதிரும்.

ஹவுசிங்கையே மாற்றுகிறவர்கள் கிரவுன் செட்டிங்கில் கஞ்சத்தனம் செய்யக் கூடாது. பெரும்பாலான கார்களில் கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை மட்டுமே தளர்வு இருக்க வேண்டும். ஷிம் என்னும் மெல்லிய தகடுகள் போட்டு, டயல் கேஜ் வைத்து அளந்து, பற்களில் மார்க்கிங் நீலம் தடவிச் சுழற்றி, பதிவு பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்த்த பின்பே மூட வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்லும் மெக்கானிக்கிடம் அந்த வேலையைக் கொடுத்தால், சில மாதங்களில் பின்னால் ஊளைச் சத்தம் கேட்கும்.

எல்எஸ்டி போட்டவர்கள் ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். சாதாரண டிஃபரன்ஷியலில் உள்சக்கரம் சுழன்றாலும் வெளிச்சக்கரம் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். எல்எஸ்டியில் இரண்டும் சேர்ந்து வழுக்க வாய்ப்புண்டு. ஈரத் திருப்பத்தில் ஆக்சிலரேட்டரை நிதானமாக மிதிக்கப் பழக வேண்டும். மேலும், வண்டியில் மாற்றம் செய்வதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியிருக்கிறது. எனவே முழு ஆக்சிலையே மாற்ற எண்ணுகிறவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

கான்டெசாவின் உற்பத்தி 2002இல் நின்றுபோனது. அம்பாசிடர் 2014 வரை வந்தது. இவற்றை இன்றும் சாலையில் வைத்திருப்பவர்களில் பலர் என்னைப் போல அளவான ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள். குறைந்த செலவு என்று அச்சில் வந்தால் அதை நம்பி நேரே வெல்டிங் பட்டறைக்குப் போய்விடுவார்கள். ஆகவே, வெல்டிங் வைக்கும் ஆலோசனை சாலை வாகனங்களுக்கு ஏற்றதன்று என்ற திருத்தத்தை, அந்தப் பதில் வெளியான அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இந்த மழைக்காலம் முடிவதற்குள் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கேள்வி கேட்ட வாசகர் விரும்பினால், நான் கடைந்த தட்டுகளின் அளவு வரைபடத்தைத் தங்கள் அலுவலகம் வழியாக அவருக்கு அனுப்பிவைக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பல்சக்கரத் தொழிலாளி ஒருவர்,
அல்சூர், பெங்களூரு - 8