கிலோ என்ன விலை என்று பாக்கெட்டில் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூட்டுறவுப் பண்டகசாலையில் விற்பனையாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். மளிகைச் செலவை எப்படிக் குறைப்பது என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான்: எதை வாங்கினாலும் அது கிலோ என்ன விலைக்கு வருகிறது என்று பார்த்து வாங்குங்கள். இதைச் சொல்வது சுலபம். இன்றைய கடைகளில் பார்ப்பதுதான் முடியாத காரியமாகிவிட்டது.

நாங்கள் சில்லறையாக நிறுத்துக் கொடுத்த காலத்தில், வாசல் கரும்பலகையில் துவரம்பருப்பு கிலோ இவ்வளவு, உளுந்து இவ்வளவு என்று தினமும் எழுதிப்போடுவோம். நூறு கிராம் வாங்குபவருக்கும் ஐந்து கிலோ வாங்குபவருக்கும் அந்த ஒரே விலையில் இருந்துதான் கணக்கு. மகாராஜநகர் உழவர் சந்தையில் இன்றும் கத்தரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் கிலோ விலை பலகையில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் தெருக்கடை விலையோடு ஒப்பிட யாருக்கும் கஷ்டமில்லை. பாக்கெட் சாமானில்தான் சிக்கல்.

எண்ணெய், மாவு, டீத்தூள், பிஸ்கட் போன்றவற்றை இன்ன இன்ன அளவுகளில்தான் பொட்டலமிட வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2022-இல் அந்தக் கட்டுப்பாட்டை மத்திய அரசு எடுத்துவிட்டது. அதற்கு ஈடாக, ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்பதையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்றது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அச்சிடும் முறை சரியில்லை. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பாக்கெட் என்றால் கிலோ விலை. ஒரு கிலோவுக்குக் குறைந்தது என்றால் கிராம் விலை, அதுவும் பைசாவுக்கு முழுமைப்படுத்தி. எண்ணெய்க்கு இதுவே லிட்டர், மில்லிலிட்டர் என்று வரும்.

இதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். 400 கிராம் துவரம்பருப்பு 71 ரூபாய், இன்னொன்று 500 கிராம் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ‘கிராம் 0.18 ரூபாய்’ என்றே அச்சாகும். உண்மையில் முதலாவது கிலோ 177.50, இரண்டாவது 184. ஆறரை ரூபாய் வித்தியாசம் அந்த இரண்டு இலக்கத்துக்குள் மறைந்துபோகிறது. எண்ணெயில் இன்னும் மோசம். 850 மில்லி பாக்கெட் 145 ரூபாய், ஒரு லிட்டர் பாக்கெட் 166 ரூபாய் என்றால், பார்த்தவுடன் கை சின்னதற்குத்தான் போகும், இருபத்தோரு ரூபாய் குறைவாயிற்றே. அதில் ‘மில்லி 0.17’ என்றிருக்கும். அந்த 0.17-க்குள் லிட்டர் 165 ரூபாயும் அடங்கும், கிட்டத்தட்ட 175 ரூபாயும் அடங்கும். கணக்குப் போட்டால் அது லிட்டர் 170 ரூபாய் 59 காசு. அதாவது மலிவென்று எடுத்ததுதான் விலை கூடியது.

மேலப்பாளையத்தில் இருந்து வரும் ஒரு பெண் கடையில் என்னைப் பார்த்தால், இரண்டு கையிலும் இரண்டு பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, “யக்கா, இதுல எது லாபம்னு பாத்துச் சொல்லுங்க” என்பார். பீடி சுற்றுகிறவர், வாரக்கூலி. மாதச் சாமானை மொத்தமாக வாங்கிப்போட அவரிடம் பணம் இருக்காது. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ பருப்பு தீர்ந்ததும், இருநூறு கிராம், கால் கிலோ என்றுதான் வாங்குவார். ஐந்து கிலோ மாவு வாங்கும் என் போன்றவர்களுக்குக் கிலோ விலை தெளிவாக அச்சாகி வருகிறது. ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவழிக்கும் அவருக்குப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கத்தைக் கொடுத்துக் குழப்புகிறோம். இதுதான் எனக்கு மனசு ஆறாத விஷயம். படித்த பெண்தான் அவர், கணக்கும் தெரியும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலமாரி முன்னால் நின்று 145-ஐ 850-ஆல் வகுக்கச் சொன்னால் யாரால் முடியும்?

பெரிய பாக்கெட் வாங்கினால் மலிவு என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஷாம்பு, பிஸ்கட் இவற்றில் சின்னதே லாபமாக இருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். செக்கு எண்ணெய் வாங்குகிறவர்கள் விலையைக் கேட்கும்போதே கிலோவுக்கா லிட்டருக்கா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் எடை இருக்கும். இரண்டு கடையும் ஒரே விலை சொன்னாலும், கிலோ கணக்கில் கொடுப்பவரிடம் ஏறக்குறைய நூறு மில்லி கூடுதலாகக் கிடைக்கும்.

அளவு எதுவானாலும் எல்லாப் பாக்கெட்டிலும் கிலோ விலை அல்லது லிட்டர் விலை, எம்.ஆர்.பி. பக்கத்திலேயே அதே பருமனான எழுத்தில் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 1998-இலேயே கிலோ, லிட்டர் கணக்கில் விலையைக் காட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டது. பொட்டலப் பொருள் விதி மத்திய அரசின் கையில் இருப்பதால் அது மாறும்வரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை. சென்னை காமதேனு, கோவை சிந்தாமணி, மதுரை பாண்டியன் என்று நம் கூட்டுறவு அங்காடிகள் இருக்கின்றன. அங்கே அலமாரி விளிம்பில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ‘கிலோ விலை’ என்று தமிழில் ஒரு சீட்டு ஒட்ட எந்தச் சட்டமும் தடையில்லை. எடையும் விலையும் தெரிந்ததுதானே, கணினியில் ஒரு முறை வகுத்து அச்சிட்டால் ஆயிற்று. விலை மாறும் நாளில் சீட்டையும் மாற்ற வேண்டும். அந்த வேலை விற்பனையாளருக்குக் கூடுதல் சுமை என்பது எனக்குத் தெரியும். கரும்பலகையைத் தினமும் அழித்து எழுதியவர்கள்தான் நாங்கள்.

கூட்டுறவுத் துறை இதை முதலில் ஒரு மாவட்டத்தில் செய்து பார்க்கட்டும். திருநெல்வேலியில் தொடங்கினால், சீட்டில் என்ன, எந்த அளவில், எந்த இடத்தில் இருந்தால் வாங்க வருகிறவர்கள் கண்ணில் படும் என்பதை உடனிருந்து சொல்லித்தர நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பண்டகசாலை விற்பனையாளர்,
பாளையங்கோட்டை.