ஆறு மாதக் கெடுவும் நம் புளோக்கின் இன விகிதமும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

இருக்கும் வீட்டை விற்பதற்கு முன்பே அடுத்த வீட்டுக்கு ஆப்ஷன் (கட்டணம் கொடுத்துப் பெறும், வீட்டை வாங்கும் உரிமை) வாங்கலாமா, கூடாதா? வீடு மாற நினைக்கும் எல்லாக் குடும்பங்களிலும் இந்தப் பேச்சு எழும். கையில் ரொக்கம் இருக்கிறதா, வங்கி கடன் தருமா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பார்கள். நம் சமூகத்தார் அதற்கும் முன்னால் பார்க்கவேண்டியது ஒன்று உண்டு. நாம் குடியிருக்கும் புளோக்கின் இன விகிதம், அதாவது அங்கே ஒவ்வோர் இனத்தாருக்கும் உள்ள வரம்பு நிரம்பிவிட்டதா என்பதுதான் அது. அதைப் பற்றி எழுதவும், சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) விதியில் ஒரு திருத்தம் கேட்கவும் இக்கடிதம்.

நாங்கள் ஹவ்காங்கில் ஐந்தறை வீட்டில் இருக்கிறோம். கணவர் பேருந்து ஓட்டுநர், நான் பாலர் பள்ளி ஒன்றில் வேலை செய்கிறேன். என் அம்மா தோ பாயோவில் தனியாக இருக்கிறார். சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து, வேலை முடிந்ததும் சிராங்கூனிலும் பீஷானிலும் ரயில் மாறி அவரிடம் போய், சமைத்து வைத்து, மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறேன். எங்களோடு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டால் அம்மா வரமாட்டார். அவருக்குப் பழகிய பலதுறை மருந்தகம், ஈரச்சந்தையில் சுறா வந்தால் எடுத்து வைக்கும் மீன்காரர், மாலையில் கீழ்த்தளத்தில் கூட உட்கார்ந்து பேசும் மலாய்ப் பாட்டி எல்லாம் அங்கேதான். அந்த வயதில் அவரைப் பெயர்த்து எடுப்பதைவிட நாங்கள் அங்கே போவதே முறை என்று முடிவு செய்தோம்.

அரசாங்கமும் அதைத்தான் ஊக்குவிக்கிறது. பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பத்துக்கு 20,000 வெள்ளி அருகாமை வீட்டு மானியம் தருகிறார்கள். நல்ல திட்டம்.

அம்மாவின் புளோக்குக்கு அடுத்த புளோக்கிலேயே நான்கறை வீடு ஒன்று விலைக்கு வந்தது. எட்டாவது மாடி, மின்தூக்கி வாசலிலேயே நிற்கும், குளியலறையில் ஏற்கெனவே கைப்பிடிகள் பொருத்தியிருந்தார்கள். எங்களுக்கு முன் இரண்டு குடும்பங்கள் பார்த்துவிட்டுப் போயிருந்தன. வார இறுதிக்குள் பதில் சொல்லுங்கள் என்றார் விற்பவர்.

இந்த இடத்தில்தான் பலர் சட்டென்று கையெழுத்துப் போடுகிறார்கள். ஏனென்றால் முதலில் கொடுக்கும் தொகை சிறியது. வீவக மறுவிற்பனையில் ஆப்ஷன் கட்டணம் 1,000 வெள்ளியைத் தாண்டக்கூடாது. 21 நாளுக்குள் அதை உறுதிப்படுத்தும்போது கொடுப்பதையும் சேர்த்தால்கூட 5,000 வெள்ளிக்கு மேல் போகாது. போனால் ஐயாயிரம்தானே என்று தோன்றும். ஆனால் உறுதிப்படுத்திய பிறகுதான் உண்மையான சுமை ஆரம்பிக்கிறது. வீடு வாங்கி முடித்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் பழைய வீவக வீட்டை விற்றாகவேண்டும். பழைய வீட்டுக் கடன் தீராமல் புதிய வீட்டுக்கு வங்கியிடம் போனால் 75 விழுக்காடு கிடைக்கவேண்டிய கடன் 45 விழுக்காடாகக் குறைந்துவிடும். மீதியை ரொக்கத்திலிருந்தும் மத்திய சேம நிதியிலிருந்தும் போடவேண்டும். நம்மைப் போன்றவர்களுக்குச் சேம நிதிப் பணமோ பழைய வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. அது விற்றால்தான் வட்டியோடு கணக்குக்குத் திரும்பும், அடுத்த வீட்டுக்கு எடுக்க முடியும்.

விற்பனையையும் வாங்குதலையும் ஒரே சமயத்தில் முடித்து, வரும் பணத்தை அப்படியே புதிய வீட்டுக்குத் திருப்ப வீவகவின் கொன்ட்ரா ஏற்பாடு இருக்கிறது. ஆனால் நம் வீட்டுக்கு ஆள் கிடைத்த பிறகுதான் அது உதவும். முதலில் விற்றுவிடலாம் என்றால், வாங்குபவர் ஒப்புக்கொண்டால் மட்டுமே அதிகபட்சம் 3 மாதம் பழைய வீட்டில் தங்கலாம், அதுவும் அடுத்த வீட்டுக்கு ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டிருக்கவேண்டும். அப்புறம் வாடகை வீடுதான்.

சரி, முதலில் எங்கள் வீட்டுக்கு ஆள் வருகிறதா பார்ப்போம் என்று விளம்பரம் கொடுத்தோம். இளம் சீனத் தம்பதியர் வந்தார்கள். அந்தப் பெண் தன் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, எங்கள் மகன் படித்த அறையில் தொட்டில் எங்கே போடலாம் என்று அளந்து பார்த்தார். கணவர் சமையலறை சன்னலைத் திறந்து காற்று வருகிறதா என்று பார்த்தார். அடுத்த முறை அவருடைய அம்மாவையும் அழைத்து வந்தார்கள். விலை ஏறத்தாழப் படிந்துவிட்டது. அதற்குள் புது மாதம் பிறந்தது.

வீவக ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி இன விகிதக் கணக்கைப் புதுப்பிக்கிறது. அந்த மாதப் பட்டியலில் எங்கள் புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு நிரம்பிவிட்டது. வரம்பு நிரம்பினால் சீனர் வீட்டைச் சீனர் வாங்கலாம், எங்கள் வீட்டை வாங்க முடியாது. முகவர் தொலைபேசியில் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. தம்பதியரும் வருத்தப்பட்டார்கள். யார் மீதும் தப்பில்லை. தோ பாயோ வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்றோம். என் கணவரின் முடிவு அது, அதில் எனக்கும் முழுச் சம்மதம். இரண்டு வீட்டுக் கடனைச் சுமந்துகொண்டு ஆறு மாதக் கெடுவுக்கு ஓடும் வருமானம் எங்களுக்கு இல்லை.

இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989ஆம் ஆண்டு மார்ச் மாதம் வந்தது. சீனர்களுக்கு வட்டாரத்தில் 84 விழுக்காடு, புளோக்கில் 87 விழுக்காடு. மலாய்க்காரர்களுக்கு 22, 25. இந்தியரும் மற்றவர்களும் சேர்ந்து 12, 15. நம் எண்கள் 2010இல்தான் இந்த அளவுக்கு உயர்ந்தன. இந்தக் கொள்கையை நான் மனதார ஆதரிக்கிறேன். என் பிள்ளை பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தில் நோன்புக் கஞ்சி குடித்து, எதிர்வீட்டு சீனத் தாத்தாவிடம் சதுரங்கம் கற்று வளர்ந்தவன். இனத்துக்கு ஒரு பேட்டை என்று பிரிந்து வாழும் சிங்கப்பூர் எனக்கு வேண்டாம்.

ஆனால் அந்தக் கொள்கையின் பாரம் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் சீனர்கள் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர்கள் 13.5, இந்தியர்கள் 9. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் இருக்கும் தமிழருக்கு, வீடு வாங்கக்கூடியவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் ஒரே நாளில் இல்லாமல் போகிறார்கள். மிச்சம் இருப்பவர்களிலும், இந்தியாவிலிருந்து வந்து நிரந்தரவாசியான குடும்பங்களுக்கு வேறு கட்டுப்பாடுகள் இருக்கின்றன. அவர்கள் நிரந்தரவாசியாகி 3 ஆண்டு காத்திருக்கவேண்டும். மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்குப் புளோக்கில் 8 விழுக்காடு, வட்டாரத்தில் 5 விழுக்காடு என்ற வரம்பு தனி. அதே மாடியில், அதே அளவு வீட்டை, அதே மாதத்தில் விற்கும் சீன அண்டைவீட்டாருக்கு இந்தச் சீனர் வரம்புத் தடை கிடையாது. அவருக்கும் கெடு 6 மாதம், எனக்கும் 6 மாதம்.

ஆப்ஷன் வாங்கிய நாளிலிருந்து எண்ணினால் ஒன்பது மாதம் வருகிறதே, போதாதா என்று சிலர் கேட்பார்கள். 21 நாள், பிறகு விண்ணப்பத்தை வீவக ஏற்றதிலிருந்து சுமார் 8 வாரம், அப்புறம் 6 மாதம், கணக்கு சரிதான். ஆனால் நம் வீட்டை விற்கும்போதும் அதே 21 நாளும் 8 வாரமும் அந்தக் காலத்துக்குள்ளேயே கழியவேண்டும். ஆக, ஆள் பிடிக்க உண்மையில் கிடைப்பது ஆறு மாதம்தான். கெடு நெருங்க நெருங்க, வருகிற ஓரிருவரும் அது தெரிந்து விலையை இறக்கிக் கேட்கிறார்கள். அங்கே இழப்பது ஐயாயிரம் வெள்ளி அல்ல, பல பத்தாயிரம்.

வீவக இதை அறியாமல் இல்லை. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம், இன வரம்பால் விற்க முடியாமல் தவிப்போரின் வீட்டைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ளும் உதவியை அறிவித்தது. குறைந்தது 10 ஆண்டு அந்த வீட்டின் உரிமையாளராக இருந்திருக்கவேண்டும், 6 மாதமாவது விற்க முயன்றிருக்கவேண்டும் என்பவை நிபந்தனைகள். வரவேற்கவேண்டிய முயற்சி. ஆனால் வாங்கிவிட்டு விற்பவரின் நிலையை யோசியுங்கள். உதவி கேட்கத் தகுதி பெற 6 மாதம் முயலவேண்டும். வீட்டை விற்று முடிக்கவேண்டிய கெடுவும் 6 மாதம். சாவி வாங்கிய பின் விளம்பரம் கொடுத்தவருக்கு, உதவியின் கதவு திறக்கும் நாளும் கெடு முடியும் நாளும் ஒன்றாகிவிடுகின்றன.

மேல்முறையீடு செய்தால் சூழ்நிலையைப் பார்த்துக் கூடுதல் அவகாசம் தருவதுண்டு என்பதையும் அறிவேன். ஆனால் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத ஒன்றை நம்பி யாரும் ஆப்ஷனில் கையெழுத்துப் போட முடியாது. வாங்குவதற்கான விண்ணப்பம் வீவகவிடம் போகும் நாளிலேயே, விண்ணப்பிப்பவரின் பழைய புளோக்கில் எந்த வரம்பு நிரம்பியிருக்கிறது என்பது அவர்கள் கணினியில் இருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு 6 மாதத்துக்குப் பதில் 12 மாதம் என்று அப்போதே எழுத்தில் கொடுத்துவிடலாமே. நடுவில் வரம்பு நிரம்பினாலும், அந்த மாதத்திலிருந்து கெடு தானாக நீளவேண்டும். இதனால் இன ஒருங்கிணைப்புக் கொள்கையில் ஓர் எழுத்துகூட மாறாது. அவகாசம் மட்டும்தான் கேட்கிறேன்.

கொண்டோமினியத்துக்கு மாறுவோருக்கும் இது பொருந்தும். வீவக வீட்டை வைத்துக்கொண்டு கட்டி முடித்த தனியார் வீடு வாங்கும் சிங்கப்பூரர் கூடுதல் முத்திரைத் தீர்வையாக 20 விழுக்காடு கட்டவேண்டும். 1.2 மில்லியன் வெள்ளி வீடு என்றால் 240,000 வெள்ளி. தம்பதியர் பழைய வீட்டை 6 மாதத்துக்குள் விற்றால்தான் அது திரும்பக் கிடைக்கும். இதிலும் வரம்பு நிரம்பிய புளோக்கில் இருப்பவருக்குத் தனிக் கெடு வேண்டும்.

வீடு மாற நினைக்கும் நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பிடித்த வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன், வீவக இணையத்தளத்தில் உங்கள் புளோக் எண்ணைக் கொடுத்து இன்றைய நிலையில் யார் யாருக்கு உங்கள் வீட்டை விற்கலாம் என்று பாருங்கள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியும் பாருங்கள். சீனர் விகிதம் விளிம்பில் இருந்தால், எவ்வளவு பிடித்த வீடாக இருந்தாலும் விற்ற பிறகே ஆப்ஷன் வாங்குங்கள். முகவர் கேட்டால் சொல்வார்தான், நாம்தான் கேட்கவேண்டும்.

எங்கள் வீடு இன்னும் விற்பனைக்கு இருக்கிறது. மலாய்க் குடும்பம் ஒன்று அடுத்த வாரம் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறது. எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரை மக்கள் சந்திப்பில் பார்த்து இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுக்கப்போகிறேன். இதே காரணத்தால் வீட்டை விலை குறைத்து விற்றவர்களும், மேல்முறையீடு செய்து கூடுதல் அவகாசம் பெற்றவர்களும் இப்பகுதிக்கு எழுதினால், அந்தக் கடிதங்களையும் என் கோரிக்கையோடு சேர்த்துக் கொடுக்க முடியும்.

இப்படிக்கு,
ஹவ்காங் வாசகி