மரத்தடியில் உட்காரவும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயற்கையான சூழலில் நேரம் செலவிடுவது பற்றி உங்கள் உடல்நலப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை அடி நடந்தோம், எவ்வளவு கலோரி எரிந்தது என்ற கணக்குதான் அதில் நிறைய இருந்தது. நடப்பது நல்லதுதான். ஆனால் மரங்களுக்கு நடுவே போயும் கண் கைக்கடிகாரத்திலும் காது ஃபோனிலும் இருந்தால், போனதன் பலன் பாதிகூடக் கிடைக்காது என்பது என் கருத்து.

ரேச்சல் காப்லான், ஸ்டீபன் காப்லான் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்திருக்கிறார்கள். கணக்குப் பார்ப்பதற்கும் நெரிசலில் வண்டி ஓட்டுவதற்கும் மனதை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நாள் முழுக்க அப்படியே இருந்தால் கவனம் களைத்துவிடும். அசையும் இலையும் ஓடும் தண்ணீரும் நம்மை வற்புறுத்தாமலே பார்க்க வைக்கின்றன. களைத்த கவனம் ஓய்வெடுப்பது அப்போதுதான்.

ஒரு மரத்தின் பட்டையைப் பத்து நிமிடம் உற்றுப் பாருங்கள். ஏறுகிற எறும்பும் இறங்குகிற எறும்பும் எதிரெதிரே நின்று, உணர்கொம்பால் தொட்டுப் பார்த்துவிட்டு விலகிப் போகும். வெடிப்புகளில் ஈரம் தங்கிய இடத்தில் பாசி படர்ந்திருக்கும், தொட்டால் சில்லென்று இருக்கும். சற்று நேரத்தில் மூச்சு தானாகவே நிதானப்பட்டிருக்கும். இதற்குப் பயிற்சி வகுப்பெல்லாம் தேவையே இல்லை.

சரி, எவ்வளவு நேரம் வேண்டும்? இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் தகவல்களை வைத்து 2019-இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் இருந்தவர்கள், அறவே போகாதவர்களைவிடத் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே நாளில் போனாலும், பிரித்துப் பிரித்துப் போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நலமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற கேள்வி இதில் இருக்கிறது. அதையும் வாசகர்களுக்குச் சொல்லிவிடுவதே நியாயம்.

நடக்கவே முடியாதவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்குப் பெரிய வருத்தம். பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட நோயாளிகளை ஒப்பிட்டு, ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தபடி படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தபடி இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. படுக்கையில் இருப்பவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் மனதில் வைத்து, அடுத்த இதழிலாவது எழுதுங்கள். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போடுவதிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்