போன் செத்த கதை

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் நலம். வீட்டில் எல்லோரும் நலம்தானே?

போன ஞாயிறு பேசிக்கொண்டிருந்தபோதே லைன் போய்விட்டதில் அம்மா ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று முதலில் அவளிடம் சொல். ஆனது போனுக்குத்தான். உறைந்த ஏரியைக் காட்டலாமே என்று கரையில் நின்று வீடியோ காலில் வந்தேன். வெளியே மைனஸ் 15 டிகிரி. சார்ஜ் 40 சதவீதம் என்று காட்டிக்கொண்டே பொசுக்கென்று செத்துவிட்டது. அறைக்கு வந்து அரைமணி கழித்துப் போட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி 37 சதவீதம் என்கிறது!

சார்ஜ் எங்கேயும் போகவில்லை. குளிரில் பேட்டரிக்குள் இருக்கிற திரவம் மந்தமாகிவிடுகிறது. அதற்குள் மின்னூட்டத்தைச் சுமந்து போகிற லித்தியம் அயனிகள் நகரத் திணறுகின்றன. கேமராவைத் திறந்தால் போன் நிறைய மின்சாரம் கேட்கும். பேட்டரியால் கொடுக்க முடியாமல் மின்னழுத்தம் சரியும். போன் தானே அணைந்துகொள்ளும். ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் வெப்பநிலையே 0 முதல் 35 டிகிரி வரைதான். நான் மைனஸ் 15ல் நின்று கதை பேசினால் எப்படி? இனி வீடியோ கால் எல்லாம் அறைக்குள்ளிருந்துதான்.

வெளியே போனால் இப்போது போனுக்கு இடம் ஜாக்கெட்டின் உள்பை. உடம்புச் சூட்டில் இருக்கும். எடுப்பேன், இரண்டு படம், திரும்ப உள்ளே. 'இவ்வளவு பனி இருக்கு, மூணே மூணு படமா?' என்று கேட்டாயே, இதுதான் பதில். கையும் ஒரு காரணம். கிளவுஸோடு தொட்டால் திரை கண்டுகொள்ளாது. தோல் மின்சாரத்தைக் கடத்துவதை வைத்துத்தான் அது விரலை அடையாளம் காண்கிறது. கழற்றினால் கொஞ்ச நேரத்தில் விரல் மரத்து, எதைத் தொடுகிறோம் என்றே தெரியாது. நுனியில் மின்கடத்தும் நூல் வைத்துத் தைத்த கிளவுஸ் கிடைக்கிறது, வாங்கினேன், சுமார்தான். வால்யூம் பட்டனை அழுத்தினாலே படம் எடுக்கும் என்று தெரிந்தபிறகு அந்தக் கிளவுஸை நான் தேடுவதில்லை.

பனி ஏன் சாம்பல் கொட்டின மாதிரி இருக்கிறது என்று கேலி செய்ததும் நியாயம்தான். கேமராவுக்கு எல்லாக் காட்சியையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் பழக்கம். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்து இறக்கிவிடும். திரையில் பனியைத் தொட்டால் பக்கத்தில் ஒரு சூரியக் குறி வரும். அதைக் கொஞ்சம் மேலே இழுத்தால் பனி பனியாகும். ரொம்ப இழுத்தால் காலடித் தடமெல்லாம் அழிந்து வெறும் தாள் மாதிரி ஆகிவிடும். ஆனால் நிழல் நீலமாக விழுவது கேமராவின் தப்பில்லை. வெயில் படாத இடத்தில் விழுவது வானத்தின் நீல வெளிச்சம்தான். அதை நான் திருத்துவதே இல்லை. எனக்கு அப்படித்தான் பிடித்திருக்கிறது.

ஒரு தடவை வெளியிலிருந்து வந்த கையோடு போனை மேஜையில் வைத்தேன். ஐஸ் தண்ணீர் ஊற்றின டம்ளர் மாதிரி மேலெல்லாம் வேர்த்துவிட்டது. லென்ஸ் உள்பக்கம் இரண்டு நாள் மங்கல். இப்போது வாசலிலேயே ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடிவிட்டுத்தான் உள்ளே நுழைகிறேன். ஈரம் கவர்மேல் படியும், போன்மேல் படியாது. அறைச் சூட்டுக்கு வந்தபிறகுதான் சார்ஜில் போடுவேன். உறைகுளிரில் இருக்கிற பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகவே படிந்துவிடும். அது திரும்பச் சரியாகாது.

இதோடு ஒரு படம் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன், பார். நேற்றுக் காலை காற்றே இல்லை. கறுப்புக் கம்பளி கிளவுஸ்மேல் பனித்துகள் ஒன்று வந்து உட்கார்ந்தது. போனில் மாட்டுகிற குட்டி லென்ஸை மாட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தேன். மூச்சு பட்டால் துகள் கரையும், லென்ஸும் மங்கும். அமெரிக்காவில் வெர்மான்ட் பக்கத்து விவசாயி வில்சன் பென்ட்லி, 1885லேயே நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்துப் பனித்துகளைப் படம் பிடித்தவர். ஆயுளில் 5,000க்கு மேல் எடுத்தாராம். நான் நாற்பது எடுத்ததில் தேறியது இந்த ஒன்று.

நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாகத்தான் கோத்துக்கொள்ளும், அதனால்தான் ஆறு கை. எண்ணிப் பார்த்தால் ஐந்தரைதான் வரும். ஒன்றின் நுனி விழும்போதே உடைந்திருந்தது. இன்னொரு படம் எடுப்பதற்குள் சொட்டுத் தண்ணீராகிவிட்டது. ஓரத்தில் முடி மாதிரி தெரிவது கிளவுஸின் நூல். அம்மா கேட்பாள், சொல்லிவிடு.

அன்புடன்,
அண்ணன்