பிஸ்மார்க் படத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கை அளவு பிசகாமல் வரைந்த நம் படம் அச்சுக்குப் போய்விட்டது. கடைசி நேரப் பாடு எல்லோரும் அறிந்ததுதான், அதை விட்டுவிடுவோம்.

முதல் நன்றி, பழைய வரைபடத் தாள்களை ஸ்கேன் செய்து அனுப்பிய நண்பருக்கு. பெயர் போட வேண்டாம் என்றார். கேட்காமலேயே ஒவ்வொரு தாளின் மேலும் நீளவாக்கில் ஒன்றும் அகலவாக்கில் ஒன்றுமாக ஸ்டீல் ஸ்கேல் வைத்து எடுத்திருந்தார். இந்த வேலை செய்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பழைய தாள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. ஸ்கேனரும் தன் பங்குக்கு இழுத்துவிடும். துண்டு துண்டான தாள்களில் கப்பலின் இரு முனையும் ஒன்றாகக் கிடைக்காததால் எது யாருடைய குற்றம் என்றே பிரிக்க முடியாது. ஸ்கேல் இருந்தால் ஸ்கேனரின் பிழையை முதலில் கழித்துவிடலாம். மிச்சம் தாளின் சுருக்கம். நூறில் ஒரு பங்கு அளவில் 251 மீட்டர் கப்பல் 2,510 மி.மீ. வரவேண்டும்; அரை சதவீதம் சுருங்கினாலே பன்னிரண்டரை மி.மீ. காணாமல் போகும், அதாவது கப்பலில் ஒன்றேகால் மீட்டர்! நீளத்தை மட்டும் சரிசெய்தால் பீரங்கிக் கூண்டுகளின் அடிவட்டம் முட்டையாகிவிடும். அந்த வட்டம் வட்டமாக நின்றால்தான் அடுத்த கோடு.

புகைப்படங்களை நாள்வாரியாகப் பிரித்துக் கொடுத்த அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. நாங்கள் எடுத்துக்கொண்டது 1941 மே 24, டென்மார்க் நீரிணைச் சண்டை. கப்பலின் பக்கங்களில் உருமறைப்புக்காகப் பூசியிருந்த கறுப்பு வெள்ளைப் பட்டைகள் மே 21 அன்றே நார்வேயின் பெர்கன் அருகே கிரிம்ஸ்டாட் ஃபியோர்டில் சாம்பல் பூச்சுக்கு அடியில் போய்விட்டன. பட்டையோடு வரைந்தால் பார்க்க அழகு, ஆனால் அந்தச் சண்டைக்குப் பொருந்தாது. முன்கோடிக் கூண்டான அன்டோனின் தூரமானியும் (இலக்கின் தூரத்தை அளக்கும் கருவி) அதற்கு முன்பே கழற்றப்பட்டுவிட்டது. அலை மேலேறி அடித்துக்கொண்டே இருந்ததுதான் காரணம். விமானம் தூக்கும் கிரேன்கள் பிஸ்மார்க்கின் இணைக்கப்பலான டிர்பிட்ஸில் ஒரு தளம் மேலே இருக்கும். இரண்டு கப்பலின் படங்களும் கலந்து கிடக்கும் கட்டிலிருந்து அதைப் பார்த்தே பிரித்தார்கள். 1939 பிப்ரவரியில் நீரில் இறக்கியபோது இருந்து பின்னால் மாற்றப்பட்ட நேரான அணியத்தை (கப்பலின் முன்முனை) ஒதுக்கிவைத்ததும் அவர்களே.

இனி எங்கள் தாள் ஒவ்வொன்றிலும் எந்த நாளின் கப்பல் என்பது மூலையில் இருக்கும். புகைப்படச் சான்று இல்லாத இடம் புள்ளிக்கோட்டில்தான் வரும், எவ்வளவு அசிங்கமாகத் தெரிந்தாலும் சரி. அச்சில் வரும் முதல் படி, பெயர் சொல்ல விரும்பாத அந்த நண்பருக்கு. தபால் செலவு எங்களுடையது.