மூலக்கூறு வடிவங்களை அட்டவணையில் அடைத்துவிடாதீர்கள்

தொடக்கநிலை வேதியியல் பாடநூல்களை எழுதும் குழுவினர்க்கும் வினாத்தாள் அமைப்போர்க்கும் வணக்கம்.

நெடுநாளாக இப்பாடத்தைக் கற்பித்து வரும் ஆசிரியன் என்ற முறையில், மூலக்கூறுகளின் வடிவம் குறித்த பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அப்பகுதியில் மாணவர் கண்ணில் முதலில் படுவது வடிவத்தையும் பிணைப்புகளுக்கு இடையிலான கோணத்தையும் தரும் ஓர் அட்டவணை: மீத்தேன் நான்முகி (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவம்), 109.5°, அம்மோனியா முக்கோணப் பிரமிடு, 107°, நீர் வளைந்த வடிவம், 104.5°. இதை மனப்பாடம் செய்தவரிடம் அட்டவணையில் இல்லாத சல்பர் டை ஆக்சைடைக் கொடுத்தால், கார்பன் டை ஆக்சைடைப் போல நேர்கோடு என்று தயங்காமல் எழுதிவிடுகிறார். அணுக்களின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் காட்டும் லூயிஸ் அமைப்பை வரைந்து பார்த்திருந்தால், இரு ஆக்சிஜன்களோடு பிணைந்த பிறகும் சல்பரின் மீது ஓர் இரட்டை எலக்ட்ரான் தனித்து எஞ்சுவதும், அது பிணைப்புகளை ஒருபுறம் தள்ளுவதால் கோணம் ஏறத்தாழ 119° ஆவதும் அவருக்கே விளங்கியிருக்கும்.

1940-இல் சிட்ஜ்விக்கும் பவலும் முன்வைத்து, 1957-இல் கில்லெஸ்பியும் நைஹோமும் விரிவாக்கிய விலக்கக் கொள்கை, மைய அணுவைச் சுற்றியுள்ள இரட்டை எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளி இயன்றவரை விலகி நிற்கும் என்கிறது. அந்த இரட்டைகளை எண்ணுவதே அதன் சாரம். எண்ணப் பழக்காமல் முடிவை மட்டும் ஒப்பிக்கச் செய்கிறோம்.

இன்னொரு சிக்கல் தாளிலேயே இருக்கிறது. மீத்தேனைக் கூட்டல் குறிபோல வரைகிறோம், ஒரு மாணவி அந்தப் படத்தின் மீது கோணமானியை வைத்து, "90° தானே வருகிறது?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் பிழையில்லை. ஊதிய நான்கு பலூன்களின் கழுத்துகளை ஒன்றாக முடிந்து அவள் கையில் கொடுத்தேன். எப்படி அமுக்கித் தட்டையாக்கினாலும், விட்டவுடன் அவை நான்முகியாகவே விரிந்தன. டைகுளோரோமீத்தேனைப் பற்றியும் சொன்னேன்: கார்பனின் நான்கு பிணைப்புகளும் ஒரு சதுரத்தின் மூலைகளை நோக்கியிருந்தால், குளோரின்கள் அடுத்தடுத்தும் எதிரெதிரும் அமைந்து இரு வேறு சேர்மங்கள் கிடைத்திருக்க வேண்டும், கிடைப்பதோ ஒன்றே. வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் கார்பனின் நான்முகி அமைப்பைத் தனித்தனியே முன்மொழிந்த 1874-இல் எலக்ட்ரானே கண்டறியப்படவில்லை. பாடநூலில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கலாகாதா?

வினாத்தாள் அமைப்போர்க்கு ஒரு முறையீடு. "நீர் மூலக்கூறின் அமைப்பு யாது?" என்ற வினாவிற்கு "நான்முகி" என எழுதிய மாணவருக்குச் சுழியம் போடப்பட்டதைக் கண்டிருக்கிறேன். ஆக்சிஜனைச் சுற்றியுள்ள நான்கு இரட்டை எலக்ட்ரான்களின் அமைவு நான்முகியே. அணுக்களை மட்டும் பார்த்தால்தான் அது வளைந்த வடிவம். எதைக் கேட்கிறோம் என்று வினாவில் சொல்லாமல் விட்டது நம் பிழை.

கொள்கையின் எல்லையையும் மறைக்க வேண்டாம். ஹைட்ரஜன் சல்பைடிலும் சல்பரைச் சுற்றி நான்கு இரட்டைகளே உள்ளன. ஆயினும் அதன் கோணம் 92° அளவில்தான் இருக்கிறது. வடிவத்தின் பெயரைச் சரியாகச் சொல்லும் கொள்கை கோணத்தின் அளவில் இப்படித் தடுமாறுவதை மாணவர் அறிந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

அடுத்த பதிப்பில் அட்டவணையைப் பகுதியின் இறுதிக்கு நகர்த்துங்கள். அதில் நான்கைந்து கட்டங்களை வெறுமையாக விட்டு, நிரப்பும் வேலையை மாணவரிடம் விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியர்